இரைப்பைக்குள் ஒரு பலூன்: எடையும் எதுக்களிப்பும் காப்பீடும்

மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் உயரம், எடை என்று இரண்டு கட்டங்கள் உண்டு. உயரத்தை நாம் தயங்காமல் எழுதிவிடுகிறோம். எடையை எழுதும்போது மட்டும் பேனா சற்றே நிற்கிறது. கடைசியாக எடை பார்த்தபோது இருந்த எண்ணை, அது எத்தனை ஆண்டுக்கு முந்தையதாக இருந்தாலும், எழுதிக் கையொப்பமிட்டு விடுகிறோம். அந்த எண் பின்னொரு நாளில் சில இலட்சம் ரூபாய் மதிப்புள்ள எண்ணாக மாறக்கூடும். அது எவ்வாறு என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்ப்போம். முதலில் இரைப்பையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 24 சதவீதத்தினரும் ஆண்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினரும் உரிய எடையைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் இது பெண்களிடையே 40 சதவீதமாகவும் ஆண்களிடையே 37 சதவீதமாகவும் இருக்கிறது. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தில் ஒருவரேனும் இக்கணக்கில் அடங்குவார் என்று கொள்ளலாம். அதே வீட்டில் இரவு உணவுக்குப் பின் நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் கொண்டு, இரண்டு தலையணைகளை அடுக்கிப் படுப்பவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

இவ்விரண்டும் ஒன்றாக வருவதற்குக் காரணம் உண்டு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையமாக அமைந்த ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது அது திறக்கும். மற்ற நேரங்களில் மூடியிருக்கும். வயிற்றில் கொழுப்பு சேரச் சேர உள்ளழுத்தம் கூடி, இரைப்பையைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. நாளடைவில் சுருக்குத்தசை தளர்கிறது. சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதியே உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்கூட்டுக்குள் ஏறிவிடுகிறது; ஹையாட்டஸ் ஹெர்னியா என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். பிறகு அமிலம் மேலே வருவதைத் தடுக்க எதுவும் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எரிச்சலைத் தணிக்கும். தளர்ந்த தசையை அது இறுக்காது.

ஆகவே, இரைப்பையின் கொள்ளளவைக் குறைத்தால் எடையும் குறையும், எதுக்களிப்பும் நிற்கும் என்று எண்ணுவது இயல்பே. மருத்துவமனை விளம்பரங்கள் சிலவும் அப்படித்தான் பேசுகின்றன. உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. எடைக்கு நன்மை செய்யும் கருவி எதுக்களிப்பைக் கூட்டிவிடுவதும் உண்டு. கருவி ஒன்றுக்குப் பணம் கட்டும் முன் வாடிக்கையாளர் அறிய வேண்டிய முதற்செய்தி இதுவே என்று நாம் கருதுகிறோம்.

பலூன் வந்த வழி

வளர்ந்த ஒருவரின் இரைப்பை ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். அதன் சுவர் விரியும்போது நரம்புகள் வழியே மூளைக்கு ‘போதும்’ என்ற செய்தி போகிறது. உணவில்லாமலேயே அந்தச் சுவரை விரித்து வைத்தால் என்ன? இக்கேள்விக்கு இயற்கையிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. தலைமுடியை விழுங்கும் பழக்கமுள்ள சிலருக்கும், நார்ப்பொருள் செரியாத சிலருக்கும் இரைப்பைக்குள் அவை திரண்டு கெட்டியான உருண்டையாகிவிடும். அத்தகையோர் சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள், உடலும் மெலியும். 1982இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீபன், ஹார்போ என்னும் இரு மருத்துவர்கள் இந்த உருண்டையைச் செயற்கையாக உண்டாக்கலாம் என்று எண்ணி, இரைப்பைக்குள் பலூன் வைத்த அனுபவத்தை ‘லான்செட்’ இதழில் எழுதினர்.

அந்த எண்ணம் கடைக்கு வர நீண்ட காலம் ஆகவில்லை. 1985இல் காரன்–எட்வர்ட்ஸ் பலூனுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. காற்று நிரப்பிய உருளை வடிவப் பலூன் அது. சுமார் 220 மில்லிலிட்டர் கொள்ளும். அதன் விளிம்புகள் இரைப்பைச் சுவரில் உராய்ந்து புண் உண்டாக்கின. சிலருக்குப் பலூன் சுருங்கிக் குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டது. இவற்றைவிட வருத்தமான செய்தி பின்னர் வந்தது. பலூன் வைத்தோரையும், வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்து உணவுக் கட்டுப்பாட்டில் விடப்பட்டோரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1988இல் அதன் உற்பத்தி நின்றுபோனது.

இந்தத் தோல்விக்கு நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1987 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள டார்பன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் வல்லுநர்கள் கூடி, நல்ல பலூன் எப்படியிருக்க வேண்டும் என்று வரையறுத்தனர். மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். காற்றுக்குப் பதில் திரவம் நிரப்பப்பட வேண்டும். அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயல வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும். புண்ணோ அடைப்போ உண்டாக்கக் கூடாது. இன்று மருத்துவமனைகளில் காணும் பலூன்கள் பெரும்பாலும் அந்த வரையறையின் வழி வந்தவை.

இப்போது பரவலாக உள்ள வகை சிலிக்கோனால் ஆனது. எண்டோஸ்கோப்பி வழியே சுருங்கிய நிலையில் உள்ளே செலுத்தி, 400 முதல் 700 மில்லிலிட்டர் வரை உப்புநீர் நிரப்புகிறார்கள். அதோடு நீலச் சாயமும் கலப்பதுண்டு. பலூன் கசிந்தால் சிறுநீர் நீலப்பச்சையாக மாறி நோயாளிக்கு அறிவித்துவிடும். எளிய உத்திதான், ஆனால் இதன் பின்னுள்ள அறிவுக்கூர்மையை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்து நீரை உறிஞ்சிப் பலூனை வெளியே எடுப்பார்கள். எட்டு மாதமோ ஓராண்டோ வைத்திருக்கத்தக்க வகைகளும் உள்ளன. எண்டோஸ்கோப்பியே இல்லாமல், மாத்திரைபோல் விழுங்கி, மெல்லிய குழாய் வழியே நீர் நிரப்பும் வகையும் வந்திருக்கிறது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் அதன் அடைப்பான் தானே திறந்து, வெறும் உறை மலத்தோடு வெளியேறிவிடும்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் 255 பேரிடம் நடந்த ஆய்வில், பலூனும் உணவு ஆலோசனையும் பெற்றவர்கள் ஆறு மாதத்தில் சராசரியாக உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தனர். ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் குறைவு 3 சதவீதம். 90 கிலோ எடையுள்ளவருக்கு 9 கிலோ என்பது சிறிய ஆதாயம் இல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இந்த அளவிலேயே இறங்கத் தொடங்கும். ஆனால் அதே ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வாந்தி, வயிற்றுவலி போன்றவற்றைத் தாங்க முடியாமல் பலூனைக் குறித்த காலத்துக்கு முன்பே எடுக்க நேர்ந்தது. முதல் சில நாள்கள் கடினமானவை. இரைப்பை அந்தப் பொருளை வெளியே தள்ளவே முயலும். கஞ்சித்தெளிவும் மோரும் இளநீரும் சிறு மிடறுகளாகத்தான் இறங்கும். பலூன் உள்ளே இருக்கும் காலம் முழுவதும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் உட்கொள்ள வேண்டும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பலூன் இடத்தை அடைத்துக்கொள்வதால் இரைப்பையின் உள்ளழுத்தம் கூடுகிறது. எதுக்களிப்பு தணிவதற்குப் பதில் சிலருக்கு மிகுகிறது. பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா உள்ளவர்களுக்குப் பலூன் வைப்பதே கூடாது. மேற்சொன்ன அமெரிக்க நிர்வாகம் 2017 பிப்ரவரியில், பலூன் தானாகவே அளவுக்குமேல் உப்பிவிடுவது குறித்தும் கணைய அழற்சி குறித்தும் மருத்துவர்களை எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், திரவப் பலூன் வைக்கப்பட்ட ஐவர் ஒரு மாதத்துக்குள் இறந்த செய்தியை வெளியிட்டது. மரணத்துக்குப் பலூன்தான் காரணமா என்பது உறுதிப்படவில்லை என்றும் கூறியது. ஆயிரமாயிரம் பேர் வைத்துக்கொண்ட ஒரு கருவியில் இவை அரிய நிகழ்வுகளே. எனினும் ‘அறுவையே இல்லை, அச்சமே இல்லை’ என்ற விளம்பர வாசகத்தைப் படிக்கும்போது இதையும் நினைவிற்கொள்வது நல்லது.

புகழ்பெற்று மங்கிய பட்டை

பலூனுக்கு இணையாக வளர்ந்த மற்றொரு கருவி, இரைப்பையின் கழுத்தில் கட்டும் சிலிக்கோன் பட்டை. தோலுக்கடியில் பதித்த சிறு அறை வழியே ஊசியால் உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், இறக்கினால் தளரும். மேலே ஒரு சிறு கிண்ணம் போன்ற பகுதி மட்டும் உணவைத் தாங்கும். 1986இல் லூபோமிர் குஸ்மாக் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் இதைக் கையாண்டார். 1993இல் பெல்ஜியத்தில் மிதிக்கு பெலாச்யூ இதை நுண்துளை அறுவை மூலம் முதன்முதலாகப் பொருத்தினார். எத்தியோப்பியாவில் பிறந்து, ஆடுமாடு மேய்த்த பிள்ளைப் பருவத்திலிருந்து அந்த நிலைக்கு உயர்ந்தவர் அவர்.

வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்ற மூன்று காரணங்களால் பட்டை உலகெங்கும் பரவியது. காலம் வேறு கணக்கைக் காட்டிற்று. சிலருக்குப் பட்டை நழுவியது. சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுந்தது. சிலருக்கு மேலிருந்த உணவுக்குழாய் விரிந்து, உண்டது இறங்காமல் இரவில் வாய்க்கு வந்தது. பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் 12 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பட்டை அகற்றப்பட்டிருந்தது. இன்று புதிதாகப் பொருத்துவோர் மிகச் சிலரே. பட்டைக்கும் பலூனுக்கும் பொதுவான ஒரு பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். அவை கெட்டி உணவைத்தான் தடுக்கும். பாயசமும் ஐஸ்கிரீமும் சர்க்கரை போட்ட பழச்சாறும் அவற்றின் ஓரமாக நழுவி இறங்கிவிடும்.

எதுக்களிப்புக்கென்றே ஒரு வளையம்

எதுக்களிப்பைத் தனியே குறிவைத்த கருவிகளின் கதையும் இதே போக்கில்தான் சென்றது. 1970களின் இறுதியில் ஆங்கெல்சிக் என்ற அமெரிக்க மருத்துவர், சிலிக்கோன் கூழ் நிரப்பிய கழுத்துப்பட்டை போன்ற ஒரு வளையத்தை உணவுக்குழாயின் அடியில் கட்டினார். ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டது. பின்னர் அது இடம்பெயர்ந்ததாலும் அரித்ததாலும் விழுங்க முடியாமற்போனதாலும் பலருக்கு அகற்றப்பட்டு, வழக்கொழிந்தது.

அதன் இடத்தில் இப்போது இருப்பது காந்த மணிகளால் ஆன வளையம். டைட்டானியம் உறைக்குள் காந்தம் வைத்த சிறு மணிகள் கைவளைபோல் கோக்கப்பட்டிருக்கும். காந்த ஈர்ப்பு மணிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருக்கும். உணவு இறங்கும் அழுத்தத்தில் அவை விலகி வழிவிட்டு, மறுபடி கூடிக்கொள்ளும். 2012இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டு வெளியான, 100 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், 93 சதவீதத்தினர் அமிலக் குறைப்பு மாத்திரையைப் பாதியாகவோ அதற்கு மேலோ குறைத்திருந்தனர். அறுவைக்குப் பின் 68 பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தது. ஓராண்டில் அது 11 சதவீதமாகவும் மூன்றாம் ஆண்டில் 4 சதவீதமாகவும் குறைந்தது. ஆறு பேருக்கு வளையம் அகற்றப்பட்டது. இதைப் பொருத்திக்கொண்டவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு காந்த வலிமை வரை தாங்கும் என்பதற்கு வரம்பு உண்டு. இந்த வளையம் எடையைக் குறைக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

எடையும் எதுக்களிப்பும் ஒருசேர உள்ளவர்களுக்கு அறுவை மருத்துவர்கள் பெரிதும் பரிந்துரைப்பது கருவியை அன்று, பைபாஸ் அறுவையை. இரைப்பையை நீளவாக்கில் வெட்டி ஸ்டேப்ளரால் மூடும் ‘ஸ்லீவ்’ முறை அதைவிட எளிது. நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படுவதும் அதுவே. ஆனால் குறுகிய குழாயாகிவிட்ட இரைப்பைக்குள் அழுத்தம் கூடிவிடுகிறது. ஃபின்லாந்தில் 240 பேரை இரு பிரிவாக்கிப் பத்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்கே இருந்தது. எனவே நெஞ்செரிச்சல் உள்ளவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, எண்டோஸ்கோப்பி செய்து பார்த்த பின்பே முறையைத் தேர்வது நல்லது.

படிவத்திலுள்ள அந்த எண்

இனிக் காப்பீட்டுக்கு வருவோம். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட நிலையான விலக்குகளின் பட்டியலில் ஆறாவது, உடற்பருமன் பற்றியது. அதன்படி எடைக்குறைப்பு அறுவைக்குக் காப்பீடு கிடைக்க வேண்டுமானால், மருத்துவரின் அறிவுரை இருக்க வேண்டும், சிகிச்சை மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35க்கு மேலிருப்பின், எளிய முறைகள் பலிக்காத நிலையில், நான்கு கடும் நோய்களுள் ஒன்று இருக்க வேண்டும்: உடற்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். எதுக்களிப்பு இந்நான்கில் இல்லை.

165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 40 என்பது ஏறத்தாழ 109 கிலோ. 35 என்பது 95 கிலோ. ஆனால் உலக அறுவை மருத்துவர் அமைப்புகள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியருக்கு 27.5 முதலே, அதாவது அவருக்கு 75 கிலோ முதலே, அறுவையைக் கருதலாம் என்கிறது. நம் உடலில் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவது இதற்குக் காரணம். மருத்துவர் ‘செய்யலாம்’ என்று சொல்லும் கோட்டுக்கும் காப்பீட்டு நிறுவனம் ‘தருகிறோம்’ என்று சொல்லும் கோட்டுக்கும் இடையே 20 கிலோ முதல் 34 கிலோ வரை தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவுக்குள் இருப்பவர் தம் கைப்பணத்தைத்தான் செலவழிக்க வேண்டும். ஆணையம் இந்த அளவுகோலை இந்திய உடல்வாகுக்கு ஏற்ப மறுபரிசீலனை செய்வது நியாயம் என்பது நம் கருத்து.

பலூனுக்கு நிலைமை இன்னும் இறுக்கமானது. அமெரிக்காவில் ஆறு மாதப் பலூனுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது பி.எம்.ஐ. 30 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு. காப்பீடு தாராளமாகத் தொடங்குவதோ 40இல். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம், 35க்கும் 40க்கும் இடையில் அந்நான்கு நோய்களுள் ஒன்றோடு இருப்பவருக்கு மட்டுமே. அவருக்கும்கூட, எண்டோஸ்கோப்பி வழியே பலூன் வைப்பதைத் தம் பாலிசி ‘அறுவை’ என்று ஏற்கிறதா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுவது நல்லது. மருத்துவமனையின் காப்பீட்டு முகப்பில் வாய்மொழியாகக் கிடைக்கும் உறுதி கோரிக்கை மறுக்கப்படும் நாளில் உதவாது. எதுக்களிப்புக்காக மட்டும் செய்யப்படும் அறுவை உடற்பருமன் விலக்கில் வராது. ஆனால் ஹெர்னியா வகைச் சிகிச்சைகளுக்குப் பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம், 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம்.

படிவத்தில் எடையைக் குறைத்து எழுதியவர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார். பாலிசி எடுத்த இரண்டாம் ஆண்டில் பி.எம்.ஐ. 41 என்று மருத்துவர் சான்றளித்தால், படிவத்தில் 72 கிலோ என்று எழுதியது எப்படி என்ற கேள்வி எழும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பாலிசி நடப்பில் இருந்தபின், மோசடி நிறுவப்பட்டாலன்றி, தகவலை மறைத்ததைக் காரணம் காட்டி நிறுவனம் கோரிக்கையை மறுக்க இயலாது. அதற்கு முன் இயலும்.

கைப்பணம் போதாதபோது கடன் வாங்குவோரும் உண்டு. மருத்துவமனைகளே மாதத் தவணைக்கு ஏற்பாடு செய்து தருகின்றன. வங்கிப் பத்திரிகையில் இதை எழுதுவது சற்று வேடிக்கையாகவே இருக்கும், இருந்தாலும் எழுதுகிறோம். 24 மாதத் தவணையில் கடன் பெற்றால், பலூன் ஆறாம் மாதத்தில் வெளியேறிவிடும். தவணை மேலும் 18 மாதம் உள்ளே இருக்கும். பலூன் எடுத்தபின் எடை திரும்பிவிட்டால், அந்தத் தவணையைக் கட்டும் ஒவ்வொரு மாதமும் கசக்கும். இப்போது சந்தைக்கு வந்துள்ள பசியடக்கும் ஊசி மருந்துகளுக்கும் இது பொருந்தும். நிறுத்தினால் எடை திரும்புவது அவற்றிலும் பொதுவாகக் காணப்படுவதே.

மருத்துவமனை சொல்லும் தொகையில் என்னென்ன அடங்கும் என்று கேட்டுப் பிரித்து எழுதி வாங்க வேண்டும். பலூனின் விலை, வைப்பதற்கான எண்டோஸ்கோப்பி, எடுப்பதற்கான எண்டோஸ்கோப்பி, மயக்க மருந்து, உணவியல் வல்லுநரின் ஆலோசனை ஆகியவை தனித்தனியே இருக்கட்டும். இடையில் பொறுக்க முடியாமல் எடுக்க நேர்ந்தால் யார் செலவு என்பதும் அதில் இருக்கட்டும். பல விலைப்பட்டியல்களில் வைப்பது மட்டுமே இருக்கும். எடுப்பது பின்னால் வரும்.

பொருத்திய அன்றே கருவியின் பெயர், தொகுதி எண், நீரின் அளவு, எடுக்க வேண்டிய நாள் ஆகியவை எழுதிய அட்டையைக் கேட்டுப் பெறுங்கள். ஊர் மாறியோ மருத்துவர் மாறியோ குறித்த காலத்துக்கு மேல் பலூனை வைத்திருந்தால் அமிலம் அதன் உறையை அரித்துவிடும். சுருங்கிய உறை குடலுக்குள் இறங்கும். கருவியால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவு செய்ய, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நெறியேட்டு ஆணையம் 2015 முதல் ஒரு கண்காணிப்புத் திட்டத்தை நடத்துகிறது. நோயாளியும் அதற்கு எழுதலாம். நிலைவைப்பின் முதிர்வு நாளை வங்கி குறுஞ்செய்தியில் நினைவூட்டுகிறது. பலூனை எடுக்க வேண்டிய நாளை அப்படி யாரும் நினைவூட்டுவதில்லை. ஆகவே அந்த அட்டையைக் காப்பீட்டுப் பாலிசி இருக்கும் அதே உறைக்குள் வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.